ஒரே ஒரு சீட், நாலு சக்கரம்: கார்டன் மோனோகாரை உண்மையில் செய்தது யார்?

பின்சக்கரம்:

ஆஸ்டின் செவன் என்ற பிரிட்டிஷ் குட்டிக் காரைப் பற்றி இந்த மன்றத்தில் இழை இழையாகப் பேசியாகிவிட்டது. மோர்கன் மூன்று சக்கர வண்டிக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. கார்டன் மோனோகாரை மட்டும் யாரும் சீண்டவில்லை. நானே ஆரம்பிக்கிறேன், கூடவே ஒரு வம்பையும் இழுத்துவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். 1910 வாக்கில் பிரிட்டனிலும் பிரான்சிலும் சைக்கிள்கார் என்று ஒரு வகை வண்டி கிளம்பியது. மோட்டார் சைக்கிள் எஞ்சின், மோட்டார் சைக்கிள் செயின் அல்லது பெல்ட், ஒல்லிச் சக்கரங்கள், மேலே எடை குறைந்த ஒரு கூடு. கார் வாங்கக் காசில்லை, பைக்கில் மழையில் நனையவும் மனசில்லை என்பவர்களுக்கான வண்டி. 1912 டிசம்பரில் மோட்டார் சைக்கிள் கிளப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பு கூடி இதற்கு இலக்கணமே வகுத்தது. பெரிய வகை என்றால் 350 கிலோவுக்குள், 1100 சிசிக்குள் இருக்க வேண்டும். சின்ன வகைக்கு 750 சிசிதான் வரம்பு. இரண்டிலும் கிளட்சும் கியரும் கட்டாயம். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் லண்டனில் 'தி சைக்கிள்கார்' என்று இந்த வண்டிகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியிருந்தது. எவ்வளவு வெறி பிடித்திருந்தார்கள் என்பது அதிலேயே தெரியும்.

இந்தக் கூத்துக்கு நடுவில் வந்தவர் ஜான் வாலண்டைன் கார்டன். 1892-ல் லண்டனில் பிறந்தவர், அயர்லாந்துப் பிரபுக் குடும்பம். சர்ரேயில் ஃபார்ன்ஹாமில் தொடங்கி, பிறகு தேம்ஸ் கரையில் டெடிங்டனுக்கு மாறினார். 1914-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோனோகாரில் ஒருவர்தான் உட்கார முடியும். ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால். வயது இருபத்திரண்டு! அந்த வருடமே போர் வந்துவிட்டது, கார்டன் ராணுவத்துக்குப் போய்விட்டார்.

போர் முடிந்த கையோடு அந்த வடிவமைப்பை வார்ட் அண்ட் ஏவி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அவர்கள் டெடிங்டனில் கார்டனின் பழைய பட்டறையிலேயே உட்கார்ந்து, 1919 முதல் அதை ஏ.வி. மோனோகார் என்ற பெயரில் செய்தார்கள். அடுத்து கார்டன் ஒன்றன்பின் ஒன்றாக இருவர் உட்காரும் வண்டி ஒன்றை வடிவமைத்தார். அதை டாம்ப்ளின் வாங்கிக்கொண்டு தன் பெயரில் விற்றார். பிறகு ஆஸ்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருவர் உட்காரும் வண்டி, 707 சிசி டூ-ஸ்ட்ரோக். விலை 100 பவுண்டு என்று பிரிட்டனிலேயே மலிவான காராக விளம்பரமானது. அதுவும் வில்லஸ்டனில் இருந்த ஆர்னாட் அண்ட் ஹாரிசன் கைக்குப் போய்விட்டது.

இனி வம்பு. எல்லாப் பட்டியலிலும் "வடிவமைத்தவர் கார்டன்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், வார்ட் அண்ட் ஏவி ஏதோ பின்குறிப்பு மாதிரி வரும். என் கட்சி நேர் எதிர். வரைந்து, ஓட்டிப் பார்த்து, அலுத்துப்போய் விற்பது ஒரு திறமை, மறுக்கவில்லை. ஆனால் அதே பட்டறையில் வருடக்கணக்காக நின்று, சில நூறு வண்டிகளை வெளியே அனுப்பி, அறுந்த செயினுக்கும் பிய்ந்த கம்பிக்கும் பதில் சொன்னவர்கள்தான் அந்த வண்டியைச் செய்தவர்கள். பேசுங்கள்.

மோர்கன்_மலர்:

வம்புக்கு அப்புறம் வருகிறேன். ஒரு சீட் என்பதை ஏதோ கார்டன் கண்டுபிடித்தது போல எழுதியிருக்கிறீர்களே, அண்ணா. எச்.எஃப்.எஸ். மோர்கன் 1909-ல் மால்வெர்னில் முதல் வண்டியைக் கட்டும்போதே அது ஒரு சீட்தான். மூன்று சக்கரம், பேஷோ வி-ட்வின் எஞ்சின், அதாவது V வடிவில் இரண்டு சிலிண்டர். மால்வெர்ன் கல்லூரியில் இன்ஜினியரிங் கற்பித்த ஸ்டீஃபன்சன்-பீச் உதவி செய்தார். 1910 நவம்பரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சிக்கு மோர்கன் கொண்டுபோனதும் இரண்டு ஒற்றை சீட் வண்டிகளைத்தான். ஸ்டீயரிங் சக்கரம்கூட இல்லை, டில்லர் என்ற கைப்பிடித் தண்டுதான்.

எல்லாரும் வந்து பார்த்தார்கள், தட்டிக்கொடுத்தார்கள். ஆர்டர் வந்தது முப்பது சொச்சம்தான். மோர்கன் உடனே புரிந்துகொண்டார், 1911-ல் இரண்டு சீட் வைத்தார். அதற்குப் பிறகுதான் வியாபாரமே சூடு பிடித்தது, லண்டனின் ஹாரட்ஸ் கடைக் கண்ணாடிக்குள் வண்டி ஏறியது. அதாவது கார்டன் 1914-ல் ஆரம்பித்த இடத்தை மோர்கன் மூன்று வருடம் முன்பே காலி செய்துவிட்டார். சந்தை ஒருமுறை தெளிவாகச் சொன்ன பதிலை இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஸ்பேனர்_செல்வம்:

சண்டை நடக்கட்டும். எனக்கு வண்டிதான் வேண்டும்.

ஏ.வி. மோனோகாரின் அகலம் இரண்டரை அடி, 76 சென்டிமீட்டர். இன்றைய புல்லட் பைக்கின் ஹேண்டில்பார் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். அதற்குள் நாலு சக்கரம், ஒரு ஆள், பின்னால் ஒரு வி-ட்வின். உடல் பிளைவுட் அல்லது மஹோகனி. மூன்றாவது ஒரு வகையும் உண்டு: அழுத்தித் தயாரித்த காகித அட்டை. சிரிக்காதீர்கள். ஒழுங்காக வார்னிஷ் அடித்தால் அது தாங்கும். ஆனால் இங்கிலாந்து மழையில் ஓரம் எங்காவது திறந்துகொண்டால் அவ்வளவுதான்.

எஞ்சினைச் சொந்தமாகச் செய்யவில்லை, வெளியே வாங்கினார்கள். டாட்டன்ஹாமில் பிரெஸ்ட்விச் செய்த ஜேஏபி, பிளாக்பர்ன், ஜெனீவாவிலிருந்து வந்த எம்ஏஜி. எல்லாமே காற்றில் குளிரும் எஞ்சின்கள். அங்கேதான் எனக்கு உதைக்கிறது. காற்றால் குளிர வேண்டிய எஞ்சினைக் கொண்டுபோய் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் காற்று எங்கிருந்து வரும்? மோர்கன் எஞ்சினை முகப்பில் வெளியே நீட்டிக்கொண்டு வைத்தது அழகுக்காக அல்ல. அதே சமயம் பின்னால் வைப்பதில் லாபமும் இருக்கிறது: எஞ்சினிலிருந்து பின் ஆக்சிலுக்குத் தூரம் குறைவு, நீளமான ஷாஃப்ட் தேவையில்லை, ஒரு செயின் போதும். கியருக்கு ஸ்டர்மி-ஆர்ச்சரின் மூன்று ஸ்பீடு பெட்டி, இல்லையென்றால் இரண்டு ஸ்பீடு எபிசைக்ளிக் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் ஓடும் வகை).

அடுத்து ஸ்டீயரிங், இதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிற சமாச்சாரம். கம்பியும் பாபினும். ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு உருளை, அதன் மேல் எஃகுக் கம்பி சுற்றியிருக்கும். கம்பியின் இரண்டு முனையும் ஆளுக்கொரு பக்கமாக முன் சக்கரத்துக்குப் போகும். இடப்பக்கம் திருப்பினால் இடக்கம்பி இழுக்கும், வலக்கம்பி தளரும். ராக், பினியன், வார்ம் என்று பல் வெட்டிய பாகம் எதுவும் கிடையாது. பல் வெட்டத் தெரிந்த மெஷின் தேவையில்லை என்பதால் செலவு சொற்பம். கம்பி இறுக்கமாக இருக்கும்வரை ஸ்டீயரிங் உடனே கேட்கும், ரொம்பத் துல்லியம். தளர ஆரம்பித்தால் சக்கரத்தைத் திருப்பிவிட்டு முன் சக்கரம் எப்போது சம்மதிக்கும் என்று காத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது குனிந்து பார்க்காதவன் இந்த வண்டியை வைத்திருக்கக் கூடாது.

வம்புக்கு என் பதில்: கம்பியை இழுத்துக் கட்டியவன் கட்சிதான் நான். பின்சக்கரம் சார் பக்கம் ஒரு ஓட்டு.

புது_லைசென்ஸ்:

அண்ணே, சின்ன சந்தேகம். அகலம் 76 செமீ, அட்டையில் உடம்பு, கம்பியில் ஸ்டீயரிங், கூட ஒருத்தரைக்கூட ஏற்ற முடியாது. சில நூறு பேர் எதை நம்பி இதை வாங்கினார்கள்?

பின்சக்கரம்:

நல்ல கேள்வி தம்பி. 1919-20 காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து லட்சக்கணக்கில் ஆட்கள் வீடு திரும்புகிறார்கள். அதிகாரிகளாக இருந்தவர்கள் கையில் படையிலிருந்து கிடைத்த பணிக்கொடைப் பணம். லாரி, மோட்டார் சைக்கிள், விமானம் என்று எஞ்சினோடு நாலு வருடம் பழகியவர்கள் வேறு. எல்லாருக்கும் வண்டி வேண்டும். வண்டிதான் இல்லை. பெரிய தொழிற்சாலைகள் பீரங்கிக் குண்டிலிருந்து காருக்குத் திரும்பவே நாளாயிற்று. போதாக்குறைக்கு 1919 இறுதியில் வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்து மாதக்கணக்கில் இழுத்தது. எஞ்சின் பிளாக் வார்க்க ஆளில்லை என்றால் கார் ஏது? பழைய கார்களே புதுக் காரின் விலைக்கு மேல் விற்றன.

அப்படிப்பட்ட நேரத்தில் மரத்தையும் அட்டையையும் வைத்து, வெளியே வாங்கிய பைக் எஞ்சினைப் பொருத்தி, சீக்கிரம் கையில் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் கியூ நிற்கத்தான் செய்யும். அதுவும் இது பார்ப்பதற்குக் கஞ்சத்தனமான வண்டியாக இருக்காது. நீண்டு, தாழ்ந்து, ரேஸ் காரைச் சுருக்கியது போன்ற தோற்றம். படத்தில் பார்த்தாலே ஏறி உட்காரத் தோன்றும். கல்யாணம் ஆகாத இளைஞனுக்கு அது போதும், கொஞ்ச நாளைக்கு.

அந்தக் "கொஞ்ச நாள்" முடிந்ததும் என்ன ஆகும் என்பது வார்ட் அண்ட் ஏவிக்குத் தெரிந்திருந்தது. 1920-லேயே பைகார் என்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட் உள்ள வண்டியையும், சீட்டுகளைக் கொஞ்சம் முன்பின் தள்ளிவைத்த ரன்அபவுட் என்ற அகலமான வண்டியையும் கொண்டுவந்தார்கள். மலர் சொல்கிற பாடத்தை அவர்களும் படித்தார்கள். கார்டன் அதற்குள் ஆஸ்கட்டில் வேறு எதையோ வரைந்துகொண்டிருந்தார்.

தேம்ஸ்கரை:

நான் இருப்பது கிங்ஸ்டன் பக்கம். டெடிங்டன் பஸ்ஸில் போகும் தூரம்தான். ஏ.வி.யின் விலாசம் சாமர்செட் ரோடு. இன்று போய் நின்றால் லண்டனின் சாதாரணப் புறநகர்த் தெரு, அவ்வளவுதான். கல்வெட்டு தேடிக்கொண்டு போகாதீர்கள்.

ஆனால் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஃபார்ன்ஹாம், டெடிங்டன், ஆஸ்கட், டாம்ப்ளின் வண்டி செய்த ஸ்டேன்ஸ், பிறகு அவர்கள் போன சீம், பின்னாளில் கார்டன் கராஜ் வைத்த செர்ட்சி. எல்லாமே லண்டனுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும், வண்டியிலேயே ஒரு நாளில் சுற்றிவந்துவிடக்கூடிய தூரம். நடுவில் வெய்பிரிட்ஜில் புரூக்லண்ட்ஸ் ரேஸ் தடம். எங்கள் கிங்ஸ்டனில்தான் போர்க்காலத்தில் சாப்வித் விமானங்கள் கட்டினார்கள். மரச் சட்டம், பிளைவுட், இழுத்துக் கட்டிய கம்பி, இதெல்லாம் இந்த வட்டாரத்துத் தச்சர்களுக்குக் கைவந்த விஷயம். 1920-ல் சாப்வித் நிறுவனமே மூடப்பட்டது. செல்வம் சாரின் தூக்கத்தைக் கெடுக்கிற அந்தக் கம்பி ஸ்டீயரிங், விமானத்தின் சுக்கானைக் கம்பியால் இழுத்துப் பழகிய ஊரில் யாரையும் பயமுறுத்தியிருக்காது.

ஸ்பேனர்_செல்வம்:

விமானத்துக்குப் பறக்கும் முன் ஒருவர் கம்பியைத் தொட்டுப் பார்ப்பார் சார். ஆபீஸ் போகிற குமாஸ்தா பார்ப்பாரா?

டாங்கி_தாசன்:

கார்டன் பெயரைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நீங்கள் எல்லாரும் அவருடைய முன்னுரையை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

போரில் கார்டன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற ராணுவப் போக்குவரத்துப் பிரிவில் இருந்தார், கேப்டன் பதவி வரை போனார். அங்கே சங்கிலித் தடத்தில் ஓடும் ஹோல்ட் டிராக்டர்களோடு பழக்கம். கார் வியாபாரத்தை எல்லாம் கைகழுவிய பிறகு, செர்ட்சி கராஜில் விவியன் லாய்ட் என்பவரோடு சேர்ந்தார். 1925-ல் கிஃபர்ட் மார்டெல் என்ற ராணுவ மேஜர் தன் வீட்டு கராஜில் சொந்தச் செலவில் ஒரே ஒரு ஆள் உட்காரும் குட்டி டாங்கியைக் கட்டி ஓட்டிக் காட்டியிருந்தார். அதைப் பார்த்து ராணுவத்துக்கு ஆசை வந்த நேரம். கார்டனும் லாய்டும் தங்கள் பங்குக்கு ஒன்றைக் கட்டினார்கள். அதுவும் ஒருவர் மட்டும் உட்காரும் வண்டிதான்! கார்டன்-லாய்ட் ஒன்-மேன் டாங்கெட்.

மோனோகாருக்கு நடந்த அதே கதை இங்கே மறுபடி நடக்கிறது. ஒரே ஆள் ஓட்டவும் வேண்டும், சுடவும் வேண்டும் என்றால் இரண்டும் உருப்படாது என்று ராணுவம் சீக்கிரமே கண்டுகொண்டது. இரண்டாவது ஆள் வந்தார். 1928-ல் வந்த ஆறாவது மார்க் வண்டி இருவர் உட்காருவது. எடை ஒன்றரை டன், ஃபோர்ட் மாடல் டி எஞ்சின், ஒரு விக்கர்ஸ் மெஷின் கன். உயரம் நின்ற ஆளின் மார்பளவுதான். சுமார் 450 செய்தார்கள். போலந்து, சோவியத் யூனியன், இத்தாலி, செக்கோஸ்லோவாக்கியா எல்லாம் உரிமம் வாங்கியோ வண்டியை வாங்கிப் பார்த்தோ தங்கள் சொந்த டாங்கெட்டுகளைச் செய்தன. சோவியத்தின் டி-27 மட்டுமே ஆயிரக்கணக்கில் வந்தது. அதே 1928-ல் விக்கர்ஸ் என்ற பெரிய ஆயுத நிறுவனம் இவர்கள் நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது, கார்டனையும் சேர்த்து.

அந்தக் கிளையில் வந்ததுதான் இரண்டாம் உலகப்போரின் யுனிவர்சல் கேரியர் என்ற கவச வண்டி, பலர் பிரென் கேரியர் என்று சொல்வது. ஒரு லட்சத்துக்கு மேல் உற்பத்தியான வண்டி. நம் இந்தியப் படைகளும் அதில் ஏறித்தான் போனார்கள்.

இப்போது சொல்லுங்கள் பின்சக்கரம். டெடிங்டனில் சில நூறு வண்டி விற்றவர்கள் செய்தவர்கள், இவர் வெறும் வரைந்தவரா?

பின்சக்கரம்:

> அதே 1928-ல் விக்கர்ஸ் இவர்கள் நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது

என் வாதத்துக்கு நீங்களே ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். மோனோகாரை வார்ட் அண்ட் ஏவிக்கு விற்றார், ஒன்றன்பின் ஒன்றாக இருவர் உட்காருவதை டாம்ப்ளினுக்கு, இரட்டை சீட்டை ஆர்னாட் அண்ட் ஹாரிசனுக்கு, கடைசியில் டாங்கெட்டை விக்கர்ஸுக்கு. நாலு தடவையும் ஒரே ஆட்டம். ஒரு வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவருவார், தொழிற்சாலை உள்ளவரிடம் கொடுப்பார், அடுத்ததற்குப் போவார். விக்கர்ஸ் கையில் மட்டும் அது ஏன் உலகம் பூராவும் போனது? வார்ட் அண்ட் ஏவியிடம் இல்லாத பட்டறையும் பணமும் விக்கர்ஸிடம் இருந்தன. வடிவமைப்பு நல்லதாக இருந்தால் மட்டும் போதும் என்றால் ஏ.வி.யும் அப்படிப் போயிருக்க வேண்டுமே.

டாங்கி_தாசன்:

ஏ.வி. போகாததற்குக் காரணம் வேறு. அதை மலர் மேடம் சொல்வார்.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். கார்டன் கடைசிவரை மாறவே இல்லை. 1931-ல் தந்தைக்குப் பின் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் வந்து சர் ஜான் ஆனார். விக்கர்ஸில் பெரிய பொறுப்பு. இருந்தும் 1935-ல் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பிரான்சின் மின்யே வடிவமைத்த ஃபிளையிங் ஃப்ளீ என்ற குட்டி விமானத்துக்கு எஞ்சின் தேடிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே கட்டிப் பறக்கலாம் என்று அந்த வருடம் இங்கிலாந்தே பைத்தியமாக அலைந்த விமானம். அதிலும் ஒரு சீட்தான்! ஃபோர்ட் டென் காரின் எஞ்சினை எடுத்து, எடை குறைத்து, விமானத்துக்கு ஏற்றபடி மாற்றினார். கார்டன்-ஃபோர்ட், முப்பது குதிரைசக்திக்குச் சற்று மேல். பிறகு சில்டன் என்ற அழகான குட்டி விமானத்திலும் அதுதான் பொருந்தியது. கூடவே பெய்ன்ஸ் என்ற விமான வடிவமைப்பாளரோடு சேர்ந்து, ஒருவர் பறக்கும் ஸ்கட் 3 கிளைடருக்கு உள்ளே மடங்கிக்கொள்ளும் சின்ன வில்லியர்ஸ் எஞ்சின்.

1914-ல் ஒரு ஆள், வெளியே வாங்கிய எஞ்சின், கடையில் கிடைக்கும் பாகம். 1925-லும் அதுவே. 1935-லும் அதுவே. இடையில் யாருக்கு விற்றார் என்பது கணக்குப்பிள்ளை வேலை.

புது_லைசென்ஸ்:

1935-க்கு அப்புறம் என்ன செய்தார்?

டாங்கி_தாசன்:

அப்புறம் இல்லை தம்பி. 1935 டிசம்பர் 10, பிரஸ்ஸல்ஸிலிருந்து கிராய்டனுக்கு வந்த, பெல்ஜியத்தின் சபேனா நிறுவன விமானம் சர்ரேயில் டாட்ஸ்ஃபீல்டில் விழுந்தது. பதினொரு பேர், யாரும் பிழைக்கவில்லை. அதில் ஒருவர் கார்டன். வயது 43.

அவர் கடைசியாகத் தொடங்கிய டாங்கி ஏ11, முதல் மடில்டா. மலிவாக வேண்டும் என்று ராணுவம் கேட்டது. ஃபோர்ட் வி8 எஞ்சின், ஏற்கெனவே கையில் இருந்த பாகங்கள், 60 மில்லிமீட்டர் கவசம், இரண்டே ஆட்கள். 1940 மே மாதம் பிரான்சின் அராஸில் ஜெர்மன் டாங்கி எதிர்ப்புக் குண்டுகள் அதன் மேல் பட்டுத் தெறித்தன. ஆனால் டரெட்டில், அதாவது மேலே சுழலும் கூண்டில், இருக்கும் ஒரே ஆள் பார்க்கவும், சுடவும், உத்தரவு போடவும், ரேடியோ பேசவும் வேண்டும். கார்டனுடைய பலம் எதுவோ அதுவேதான் பலவீனமும்.

மோர்கன்_மலர்:

ஒரு நல்ல மூளை 43 வயதில் போய்விட்டதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கார் இழை. ஏ.வி. ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டீர்கள், வரி என்று சொல்வேன்.

1921 ஜனவரி முதல் பிரிட்டனில் கார் வரி குதிரைசக்திக்கு ஒரு பவுண்டு. எஞ்சினின் உண்மையான சக்திக்கு அல்ல, ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் (ஆர்ஏசி) சூத்திரப்படி. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது கணக்கிலேயே வராது. எடை குறைந்த மூன்று சக்கர வண்டிகளுக்கு மட்டும் இந்தத் தலைவலி இல்லை, வருடம் 4 பவுண்டு கட்டினால் போதும். மோர்கன் பிழைத்தது மோர்கனின் புத்தியால் மட்டும் அல்ல என்பதை ரசிகையாக இருந்தும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு சக்கரம் குறைவு என்பதே அவருக்கு மானியம்.

ஏ.வி.க்கு நாலு சக்கரம். அதனால் கார் வரி.

ஸ்பேனர்_செல்வம்:

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். அந்தக் காலத்து 976 சிசி ஜேஏபி வி-ட்வினை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 85.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 85. விட்டம் அங்குலத்தில் 3.37 வரும். வர்க்கம் 11.3. இரண்டு சிலிண்டர், 2.5-ஆல் வகுத்தால் 9-க்குச் சற்று மேல்.

இப்போது ஆஸ்டின் செவன், 747 சிசி எஞ்சின். நாலு சிலிண்டர், விட்டம் 56 மில்லிமீட்டர். அதே சூத்திரத்தில் 7.8 வருகிறது.

அதாவது தண்ணீரில் குளிரும் நாலு சிலிண்டர் எஞ்சின், நாலு சக்கரத்திலும் பிரேக், பெரியவர்கள் இருவரும் பின்னால் குழந்தைகளும் போகக்கூடிய ஒரு முழுக் கார். அது கட்டும் வரியைவிட, அட்டை உடம்போடு ஒரே ஒரு ஆளைச் சுமக்கும் வண்டி அதிக வரி கட்டுகிறது. இரண்டு பெரிய சிலிண்டர் வைத்த வி-ட்வினுக்கு அந்தச் சூத்திரம் பிறவி எதிரி. சின்ன ஜேஏபி போட்டால் வரி குறையும், ஆனால் அப்புறம் மேட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பின்சக்கரம்:

செல்வம் சார், இதை நான் இதுவரை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஆஸ்டின் செவன் 1922 ஜூலையில் அறிமுகமாகும்போது 225 பவுண்டு. அந்த வருடம் முடிவதற்குள் 165 ஆகிவிட்டது. அதோடு சைக்கிள்கார்களுக்குப் பால் ஊற்றியாயிற்று என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். விலையால் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். விலையில் கார்டனின் 100 பவுண்டு இன்னும் ரொம்பக் கீழேதான் இருந்தது! தோற்றது வாங்கிய பிறகு வருடா வருடம் ஆகும் செலவில், அப்புறம் மனைவி எங்கே உட்காருவாள் என்ற கேள்வியில். போருக்குப் பிந்தைய கார்ப் பஞ்சம் தீர்ந்து, 1921-ல் பொருளாதாரமும் படுத்த பிறகு, கியூவில் நின்றவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏ.வி. இருபதுகளின் நடுவில் கார் செய்வதை நிறுத்தியது. டாம்ப்ளின் 1925 வாக்கில். ஆர்னாட் அண்ட் ஹாரிசன் கார்டனின் வண்டியை ஷெரட் என்று பெயர் மாற்றி 1925 வரை தள்ளிப்பார்த்தது. மூவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கதவைச் சாத்தினார்கள். விற்றவர் மட்டும்தான் தப்பித்தார். அதை வேண்டுமானால் டாங்கி_தாசன் கணக்கில் ஒரு புள்ளியாக எழுதிக்கொள்ளலாம்.

தேம்ஸ்கரை:

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஏ.வி. நிறுவனம் கார் செய்வதை நிறுத்தியதே தவிர உடனே மறைந்துவிடவில்லை, டீலராகத் தொடர்ந்தது. மோனோகார்களும் ஒரேயடியாக அழிந்துவிடவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இன்றும் இருக்கின்றன, பழைய வண்டிக்காரர்கள் ஓட்டவும் செய்கிறார்கள். டெடிங்டனில் கட்டிய அட்டைக் கார்களுக்கு நூறு வருடம் மோசமில்லை.

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. ஒரே ஒரு விண்ணப்பம்: டாங்கெட், ஏ11 பற்றிய பதிவுகளைத் தனியாகப் பிரித்து ராணுவ வாகனப் பகுதிக்கு மாற்றலாமா? தேடுபவர்களுக்கு எளிதாக இருக்கும்.

பின்சக்கரம்:

வேண்டாம் சார், இங்கேயே இருக்கட்டும். தாசனோடு எனக்குச் சண்டை இருந்தாலும், இரண்டாவது சீட் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டதும், இரண்டாவது ஆள் வேண்டும் என்று ராணுவம் கேட்டதும் ஒரே ஆளிடம்தான். அதைப் பிரித்துப்போட்டால் இரண்டு பகுதியிலும் பாதிக் கதைதான் இருக்கும்.

டாங்கி_தாசன்:

வழிமொழிகிறேன். பதிலுக்கு விவியன் லாய்ட் பற்றித் தனி இழை ஒன்றை ராணுவப் பகுதியில் நான் தொடங்குகிறேன். கார்டன் போன பிறகும் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை, இரண்டாம் உலகப்போரில் தன் பெயரிலேயே லாய்ட் கேரியர் செய்தார். செல்வம் சார் அவசியம் வரவேண்டும். அதில் ஸ்டீயரிங் கம்பியில் ஓடாது.